பயணி பொத்தான் அவர்கள்

சிறு பிராணிகள் பாதுகாப்புப் பயண மையத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. மையம் தொடங்கிய நாளிலிருந்து தங்கள் பொறுப்பில் ஒரு பிராணிகூடப் பயணத்தில் இறந்ததில்லை என்று அதில் எழுதியிருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நின்று இரண்டு முறை படித்தேன். இப்படியும் ஒரு இடம் இருக்கிறதே என்ற நிம்மதியில், பைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்த பொத்தானின் நெற்றியைத் தடவிக் கொடுத்தேன்.

பொத்தான் என் அக்காவின் நாய். அக்கா தையல்காரி. ஒரு மழை நாளில் கடைக்குள் புகுந்த குட்டி, மூடியில்லாத பொத்தான் டப்பாவுக்குள் சுருண்டு தூங்கிவிட்டது. எழுப்பித் துரத்த மனசில்லாமல் அக்கா அன்றைக்குத் தைத்த சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் வைக்காமலே விட்டுவிட்டாள். வளர்ந்த பிறகும் அவன் இரண்டு கைகளில் அடங்கும் அளவுதான். அக்கா மெஷினை மிதிக்கும்போது அவள் காலடியில் படுத்திருப்பான். மெஷின் ஓடினால் தூங்குவான், நின்றால் கண்ணைத் திறப்பான்.

வைத்தியத்துக்காக அக்கா தன் மகன் வீட்டுக்குப் போனாள். ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டிய ஊர். சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொல்லி, பாதி தைத்த கவுனை மெஷினிலேயே விட்டுவிட்டு, கடைச் சாவியையும் பொத்தானையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு ஒருநாள் அவள் மகன் போன் செய்தான்.

"சித்தி, இனிமே வைத்தியம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

ஏன் வேண்டாமாம் என்று கேட்டேன். சில கேள்விகளைப் பதில் தெரிந்துதான் கேட்கிறோம், பதிலைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதற்காக. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள், பொத்தானைப் பார்க்க வேண்டுமாம் என்றான். அதற்குள் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏய், மூட்டையோட மூட்டையா அவனைத் தூக்கிப் போட்டுடாதே. பத்திரமா கூட்டிட்டு வா. உனக்கு வழியில பயமா இருந்தா அவனைப் பிடிச்சுக்கோ, அவன் பார்த்துப்பான்."

என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். தெருவைக் கடக்கும்போதே இரண்டு பக்கமும் இரண்டு தடவை பார்ப்பவள் நான். பொத்தானை எப்படி அழைத்துப் போவது என்று யோசிக்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு வண்டியும் ஒரு விபத்தாகத்தான் எனக்குத் தெரிந்தது. ரயிலின் சரக்குப் பெட்டியில் காற்று வராது. பேருந்தில் யாராவது மிதித்துவிடுவார்கள். விமானத்தின் வயிற்றுக்குள் இருட்டில் அவனை அடைப்பதை நினைத்தால் எனக்கே மூச்சு முட்டியது. அந்த நிலையில்தான் யாரோ மையத்தைப் பற்றிச் சொன்னார்கள். பாதுகாப்பு என்ற வார்த்தையை அவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்ததும் நான் உள்ளே போய்விட்டேன்.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. இருக்கையிலிருந்து பாதி எழுந்து, பொத்தானின் முகத்துக்கு நேராகக் குனிந்து வணக்கம் சொன்னாள்.

"பயணி இவர்தானா? கூட வந்தது யாரு?"

"நான் அவனோட சித்தி," என்றேன்.

"துணை கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பயணிகிட்ட நேராப் பேசணும்கிறது எங்க கொள்கை."

பாதுகாப்பு அறிவுரைகளை அவனுக்கு நிதானமாக வாசித்துக் காட்டினாள். வண்டி குலுங்கலாம், பயப்படக் கூடாது. இருட்டு வரலாம், அது தற்காலிகமானது. ஆபத்து நேர்ந்தால் பதற்றமின்றி ஊழியர்களின் சொல்படி நடக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "புரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். பொத்தான் அவளைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தான். மூன்றாவது அறிவுரையில் கொட்டாவி விட்டான்.

"பயணி தயங்குறார். இன்னொரு நாள் வாங்க."

அவன் எப்போதும் இப்படித்தான் கொட்டாவி விடுவான் என்று நான் விளக்கப் போனேன். அவர் சார்பாக நான் பேசக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

இன்னொரு நாள் அவன் கொட்டாவி விடவில்லை. அதனால் ஒத்திகை அறைக்கு அனுப்பினார்கள். பயணத்துக்கு முன் பிராணி ஒரு முழுப் பயணத்தை ஒத்திகை பார்த்தாக வேண்டுமாம். கூண்டைக் குலுக்குவதற்கென்று ஒரு பெரிய இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். குலுங்குவது பாதுகாப்பில்லை என்று அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆகவே நான்கு ஊழியர்கள் கூண்டின் நான்கு மூலைகளைப் பிடித்துக்கொண்டு ஆட்டினார்கள். ஒருவர் வாயாலேயே தண்டவாளச் சத்தம் எழுப்பினார். தொப்பை வைத்த இன்னொருவர் அவ்வப்போது கன்னம் உப்ப ரயில் ஊதல் ஊதினார். யாரும் சிரிக்கவில்லை. நெற்றி வேர்க்க வேர்க்க, வேலைக்கு உண்மையானவர்களாக ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சிரிப்பு வரவில்லை. அக்கா பார்த்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாள் என்பது மட்டும் மனதில் ஓடியது.

பொத்தான் தூங்கிவிட்டான். தண்டவாளச் சத்தம் அவனுக்குத் தையல் மெஷினாகக் கேட்டிருக்க வேண்டும்.

அமைதி அதிகாரி என்ற ஒருவர் இதையெல்லாம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தூங்குகிறவருக்கு ஆபத்து வந்தால் தெரியாது, பயணி விழிப்பாக இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். அடுத்த தடவை பொத்தான் ஊதல்காரரை அடையாளம் கண்டுகொண்டு வாலை ஆட்டினான். உற்சாகம் விபத்தின் முதல் படி என்றார் அதிகாரி. அதற்கடுத்த தடவை, கூண்டுக் கம்பி வழியாக என்னைப் பார்த்து மெல்ல முனகினான்.

அதிகாரி எழுந்து வந்து அவன் கண்களை உற்றுப் பார்த்தார்.

"துக்கம் இருக்கும்மா. துக்கத்தோட பயணம் பண்ண எங்க விதியில இடமில்லை."

துக்கம் இல்லாதவர்கள் எதற்காக இவ்வளவு தூரம் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அதிகாரிகளிடம் கேட்காமல் விட்ட கேள்விகள் எனக்குள் நிறைய இருக்கின்றன. அவை பெரும்பாலும் வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் வெளியே வரும்.

மையத்தின் தாழ்வாரத்தில் நீளமான மரப் பெஞ்சு ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் ஒருவர் சாம்பல் நிறப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு எப்போதும் உட்கார்ந்திருப்பார். நான் அவரைப் பூனைக்காரர் என்று மனதுக்குள் கூப்பிட ஆரம்பித்தேன். ஓய்வுபெற்ற கடிகார ரிப்பேர்காரர், மகள் ஊருக்குப் பூனையோடு போய்ச் சேர வேண்டும் என்று வந்தவர். இதுவும் அமைதித் தேர்வில்தான் நிற்கிறதா என்று கேட்டேன்.

"அமைதித் தேர்வுல நின்னது இதோட பாட்டி, அது இப்ப இல்லை. அம்மா விழிப்புத் தேர்வுல தோத்துச்சு. இது பேத்தி. இது தேறிடும்னு சொல்றாங்க."

பாட்டி எப்படி இறந்தது என்று தயக்கத்தோடு கேட்டேன்.

"வயசாகி, வீட்டுலதான். பயணத்துல இல்லை," என்றார். பிறகு வாசல் பலகை இருந்த திசையைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் கேலி செய்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இவ்வளவு காலம் காத்திருந்த இடத்தை விட்டு எழுந்து போக மனசு வரவில்லை என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே நான் பொத்தானைத் தூக்கிக்கொண்டு நேராக ரயில் நிலையத்துக்குப் போனேன். நுழைவாயிலில் இருந்தவர் பையைத் தொட்டுப் பார்த்து, மையத்தின் அனுமதி வில்லை கழுத்தில் இல்லாத நாயை ரயிலில் விட முடியாது என்றார். ஒரு வாடகைக் கார்க்காரரைக் கேட்டேன். வழியில் நிறுத்திப் பார்ப்பார்கள், வில்லை இல்லையென்றால் வண்டியையே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று அவர் கையை விரித்தார். மையம் யாரையும் அனுப்புவதில்லை. மையத்தைத் தவிர வேறு யாரும் அனுப்பக் கூடாது. பொத்தானைத் தூக்கிக்கொண்டு மறுபடி அதே பெஞ்சுக்கு வந்தேன். பூனைக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

துக்கத்தைப் போக்குவதற்கு ஆறுதல் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அந்தக் கட்டடத்தில் என்னை உட்காரச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். அக்காவைப் பற்றிச் சொன்னபோது அவள் கண் கலங்கியது. பயணி யாருடையவரோ அவர் உடுத்திய துணி ஒன்று வேண்டும், துவைக்காததாக இருக்க வேண்டும், அதைக் கூண்டில் போட்டால் துக்கம் அடங்கிவிடும் என்றாள்.

அப்படி ஒன்றுதான் இருந்தது. அக்கா வேலை செய்யும்போது போட்டுக்கொள்ளும் தொளதொளத்த பருத்திச் சட்டை. கடையின் உள்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்துப்பட்டையில் ஊசிகள் குத்திய தடம், கைமடிப்பில் மெஷின் எண்ணெய். அவள் போன நாளிலிருந்து நான் அதைத் தொடவில்லை. பொத்தான் மட்டும் தினமும் அதற்குக் கீழே போய், மூக்கை மேலே தூக்கி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவான். நான் அந்தக் கதவை வழக்கத்தைவிட மெதுவாகக் கடந்து போவேன். அவ்வளவுதான் எங்கள் இருவரின் வழக்கம். கொடுக்க எடுத்தபோதுதான், அதை நான் இத்தனை நாளாகச் செலவழிக்காமல் வைத்திருந்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

தேர்வு நாள்வரை துணி மையத்தின் பொறுப்பில் பத்திரமாக இருக்க வேண்டுமாம். ஆறுதல் பெண் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

தேர்வு நாளில் அது கண்ணாடிக் காகித உறையில் வந்தது. வெள்ளை வெளேரென்று, நான்காக மடித்து, இஸ்திரிச் சூடு இன்னும் ஆறாமல். கழுத்துப்பட்டைக்குக் கஞ்சிகூடப் போட்டிருந்தார்கள். உறையைப் பிரித்ததும் பூ வாசனை அடித்தது. பொத்தான் அருகே போய் முகர்ந்தான். அறிமுகமில்லாதவர்களிடமிருந்து விலகுவதுபோல் நாசூக்காக ஓரடி பின்னால் போய் உட்கார்ந்தான்.

ஆறுதல் பெண் சட்டையை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"இதுல யாருமே இல்லையே," என்றாள்.

பக்கத்து அறை சுகாதாரப் பிரிவு. அங்கிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நல்ல மனிதர். முகத்தில் பெருமை தெரிந்தது.

"ரொம்ப அழுக்கும்மா. காலர் எல்லாம் பிசுக்கு. ஒரு தடவை போட்டதுல போகவே இல்லை. விடுவேனா, ஊற வெச்சுத் திரும்பப் போட்டேன்."

பயணியின் பக்கத்தில் உபயோகித்த துணியை வைக்கக் கூடாது என்பது அவருடைய விதி. துவைக்காத துணியைத்தான் வைக்க வேண்டும் என்பது அவளுடைய விதி. இரண்டு பிரிவும் தம் கடமையில் குறை வைக்கவில்லை என்று அமைதி அதிகாரி தீர்ப்புச் சொன்னார். சட்டையை எடுத்துப் போய், உரியவரை ஒரு வாரம் போட்டுக்கொள்ளச் சொல்லி, திரும்பக் கொண்டுவந்தால் பரிசீலிக்கலாம் என்றார்.

நான் அழவில்லை. உறையில் மறுபடி போட்டுத் தரட்டுமா என்று சுகாதாரக்காரர் கேட்டார். தலையாட்டினேன். என்ன செய்கிறோம் என்று தெரியாத நேரங்களில் எனக்குத் தலையாட்ட வரும்.

இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் அறையில் கண்ணாடி அலமாரி நிறையக் கேடயங்கள் இருந்தன. என் அக்காவுக்கு நாள் அதிகமில்லை என்று சொன்னேன்.

"அதனாலதாம்மா அவசரப்படக் கூடாதுங்கிறேன். விபத்து எல்லாமே அவசரத்துலதான் நடக்குது."

"இங்கிருந்து இதுவரைக்கும் எத்தனை பிராணி போயிருக்குங்க?"

கேட்கக் கூடாத வீட்டு விஷயத்தைக் கேட்டுவிட்டதுபோல் அவர் என்னைப் பார்த்தார். பிறகு மன்னித்துவிட்டவராக முன்னால் சாய்ந்தார்.

"போறது வேற, பாதுகாப்பு வேறம்மா. எங்க பேர்லயே பயணத்துக்கு முன்னாடி பாதுகாப்புதான் வருது. கிளம்பின பிராணிக்கு உலகத்துல யார் உத்தரவாதம் தர முடியும்? கிளம்பாத பிராணிக்கு நான் தரேன். இந்தக் கேடயமெல்லாம் சும்மாவா குடுத்திருக்காங்க?"

எழுந்திருக்கும்போது அவர் பொத்தானுக்கு மட்டும் வணக்கம் சொன்னார்.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். அவள் குரல் முன்னைவிடக் கனம் குறைந்து, தூரத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. கேலி மட்டும் குறையவில்லை.

"ஏண்டி, ஒரு நாயைக் கூட்டிட்டு வர்றதுக்கு ஒரு ராஜ்யமே நடத்துறியா?"

"நீதானேக்கா பத்திரமா வரணும்னு சொன்னே."

அவள் இருமி முடித்தாள்.

"சொன்னேன்தான். பத்திரம்னா என்னன்னு நினைச்சே? என்கிட்ட வந்து சேர்றதுதான்."

அவளே தொடர்ந்தாள். பொத்தானின் முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். சத்தம் ஞாபகம் இருக்கிறதாம். "அவன் நாத்தம்தான் மறந்து போச்சு. எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது. மூக்கு முழுக்க மருந்து வாடை."

அக்கா மீந்த துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு அவனுக்கு ஒரு பாய்விரிப்பு தைத்துக் கொடுத்திருந்தாள். அவன் கடைக்கு வந்ததிலிருந்து படுத்துப் புரண்ட விரிப்பு. நான் அதைத் துவைக்க வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் போய் அதைச் சுருட்டினேன். பொத்தான் ஒரு நுனியைக் கவ்விப் பிடித்துக்கொண்டான். விளையாட்டு என்று நினைத்திருப்பான். கெஞ்சித்தான் விடுவிக்க வேண்டியிருந்தது.

அவனைப் பூனைக்காரரிடம் விட்டேன். அவர் மடியின் மறுபக்கத்தைத் தட்டிக் காட்டினார். போகும்போது, "நீங்க மட்டும்தான் இங்கிருந்து கிளம்பறீங்க," என்றார். அதில் கேலி இல்லை.

ரயில் நிலைய நுழைவாயிலில் அதே ஆள். பையைத் திறந்து பார்த்துவிட்டு, துணிதானே, போங்க என்றார். பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் வெகுநேரம் மூக்கைச் சுளித்துவிட்டு, ஏதோ நாய் நாற்றம் அடிக்கிறதே என்று கணவரிடம் சொல்லி வேறு இடம் பார்த்துப் போய்விட்டாள். அவ்வளவு தூரத்திலும் எனக்கு ஒரு ஆபத்தும் நேரவில்லை. வண்டி குலுங்கியது. இருட்டு வந்தது, போயிற்று. பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் பார்த்துக்கொண்டான்.

அக்கா வெள்ளை விரிப்பின்மேல், கழுவித் துடைத்த பாத்திரம்போல் கிடந்தாள். என் கைகளுக்குப் பின்னால், வாசல் பக்கம், எதையோ தேடினாள். விடவில்லை அக்கா, அவனை விடமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விரிப்பைப் பிரித்து அவள் மார்பில் வைத்தேன். அவள் அதை முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். தோள் எலும்புகள் ஏறி இறங்கின. அவள் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெகுநேரம் கழித்துத் துணிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"குளிப்பாட்டவே இல்லையாடி அவனை?"

"இல்லைக்கா."

"நல்லவேளை."

அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. விரல்கள் ஒவ்வொரு ஒட்டுத் துணியாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும். இது யாருடைய சட்டையில் மீந்தது என்று ஒன்றிரண்டுக்கு முனகினாள். சில நாட்களில் அந்த விரல்களும் நின்றுவிட்டன. விரிப்பை அவளோடேயே அனுப்பினோம். அது துவைக்காதது என்று யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அவள் மகனின் மனைவி அறையை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அழுக்குக் கூடையிலிருந்து அக்கா கடைசியாகப் போட்டிருந்த சட்டையை நான் எடுத்தேன். துவைத்துத் தருகிறேன் சித்தி, இப்படியே எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று அந்தப் பெண் பதறினாள். வேண்டாம் என்றேன். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டு இறுகக் கட்டிக்கொண்டேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஊர் வந்து சேர்ந்து மையத்துக்குப் போனபோது, கவுன்ட்டர் அம்மாள் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பயணி பொத்தான் அவர்கள் எல்லாத் தேர்விலும் தேறிவிட்டாராம். நான் இல்லாதபோது பூனைக்காரர் அவனை ஒத்திகை அறைக்கு அழைத்துப் போயிருக்கிறார். துணை பதறவில்லை, அதனால் பயணியும் பதறவில்லை என்று அமைதி அதிகாரி பாராட்டினாராம். வில்லை பளபளவென்று மேஜைமேல் இருந்தது. பயணியைப் பெற்றுக்கொள்கிறவர் அந்த ஊர் நிலையத்துக்கு நேரில் வந்து நிற்க வேண்டும், அதை உறுதிப்படுத்திவிட்டால் கிளம்பலாம் என்றாள்.

பெற்றுக்கொள்கிறவர் இல்லை என்றேன். அவள் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். பிறகு உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள்.

"வருத்தமா இருக்கும்மா. ஆனா பயணி பத்திரமா இருக்கார் பாருங்க. இயக்குநர் இதையும் நம்ம வெற்றியில சேர்த்துக்கச் சொல்லிட்டார்."

வில்லையை அவள் பொத்தானின் கழுத்தில் கட்டினாள். பூனைக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, என் தோளைத் தொட்டார். பிறகு இடம் போய்விடுமோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

கடையைத் திறந்தேன். மெஷினில் பாதி கவுன் அப்படியே இருந்தது. பொத்தான் உள்ளே ஓடி, வெறும் ஆணிக்குக் கீழே போய் நின்று மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தான். சட்டையைக் கட்டிய பையை அவிழ்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வாசனை கொஞ்சம் போய்விடும். மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு நொடி மட்டும் திறந்து காட்டினால் ரொம்ப நாள் வரும் என்று கணக்குப் போட்டேன். போடும்போதே அந்தக் கணக்கை யாரிடம் கற்றேன் என்பது தெரிந்தது. கண்ணாடி அலமாரியும் கேடயங்களும் கண் முன்னால் வந்தன. முடிச்சை அவிழ்த்துச் சட்டையை முழுவதுமாகத் தரையில் விரித்தேன்.

அவன் கழுத்துப்பட்டையை முகர்ந்தான். மருந்து வாடை. பின்வாங்கினான். கைப்பக்கம் போனான், அங்கே ஆஸ்பத்திரி சோப்பு. தும்மினான். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தான். அக்கா இதிலும் இல்லையென்றால் நான் என்ன செய்வேன் என்று சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவன் விடவில்லை. மூக்கைத் தரையோடு தேய்த்துக்கொண்டு சட்டைக்குள்ளேயே நுழைந்தான். துணிக்கு அடியில் ஒரு சின்ன மேடு நகர்ந்து நகர்ந்து போய், அக்குள் பக்கத்தில் நின்றது.

அங்கேயே படுத்துவிட்டது.

எனக்குத் தைக்கத் தெரியாது. ஆனாலும் மெஷின் முன்னால் உட்கார்ந்து, கால்களை மிதியில் வைத்து மெல்ல மிதிக்க ஆரம்பித்தேன்.